இரைச்சலான வேலையிடத்தில் ஹெட்செட் தொல்லை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

இரைச்சலான இடத்தில் ஹெட்செட் தகராறு செய்தால் முதலில் பார்க்க வேண்டியது, புகார் யாருடையது என்பதைத்தான். எதிர்முனையில் இருப்பவர் "உங்க குரலே கேக்கல, ஒரே சத்தமா இருக்கு" என்கிறாரா? அது மைக்கின் பிரச்சினை. அவர் பேசுவது உங்களுக்குக் கேட்கவில்லையா? அது காதுப் பக்கத்தின் பிரச்சினை. ஒன்றுக்கான தீர்வு மற்றதற்கு உதவாது. பெட்டியின் மேல் "நாய்ஸ் கேன்சலேஷன்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அது பல நேரம் காதுப் பக்கத்தை மட்டும்தான் குறிக்கிறது. அதை நம்பி வாங்கியவரின் காதில் இயந்திரச் சத்தம் அடங்கிவிடும். எதிர்முனைக்காரரின் காதில் கொஞ்சமும் அடங்காது. இந்த ஒரு குழப்பத்தால் நிறையப் பணம் வீணாகிறது.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. வழக்கமாக வேலை செய்யும் இடத்தில், இயந்திரங்கள் ஓடும்போது, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உங்கள் குரலைப் பதிவு செய்யுங்கள். முதல் பத்து விநாடி வாயைத் திறக்காதீர்கள். அடுத்த பத்து விநாடி இயல்பாகப் பேசுங்கள். பிறகு தலையை இடமும் வலமும் திருப்பியபடி பேசுங்கள். அமைதியான அறைக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜூம் இரண்டிலுமே இதற்குச் சோதனை வசதி இருக்கிறது. கைபேசி என்றால், தூரத்தில் ஓர் அறையில் இருக்கும் சக ஊழியரை அழைத்துக் கேட்கச் சொல்வதே நம்பகமானது. போனில் உள்ள வாய்ஸ் ரெக்கார்டர் செயலியை நம்ப வேண்டாம்; புளூடூத் ஹெட்செட் இணைந்திருந்தாலும் அவற்றில் பல, போனின் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும். நல்ல ஹெட்செட்டை அநியாயமாகக் குறை சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

எதிர்முனை: "உங்க குரலைவிட பின்னாடி சத்தம்தான் அதிகமா கேக்குது"

அதிகம் வருகிற புகார் இதுதான். காரணங்களைக் கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள்.

முதலில், எந்த மைக் வேலை செய்கிறது? அழைப்பில் இருந்தபடியே ஹெட்செட் மைக்கின் நுனியை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். எதிர்முனைக்குக் கரகரவென்று பலமாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் லேப்டாப்பின் மைக்கோ வெப்கேமராவின் மைக்கோ பேசிக்கொண்டிருக்கிறது. செயலியின் ஒலி அமைப்பில் மைக்கைத் தனியாகவும் ஸ்பீக்கரைத் தனியாகவும் தேர்வு செய்ய வேண்டும். ஸ்பீக்கர் ஹெட்செட்டுக்கு மாறிவிட்டது என்பதால் மைக்கும் மாறியிருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது, தூரம். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறைகிறது. சுற்றிலும் நிறைந்திருக்கும் இரைச்சலோ கொஞ்சமும் குறைவதில்லை. அது மைக்கை எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். வாயோரத்திலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக்கையும், காதில் செருகும் இயர்பட்டில் 12 செ.மீ. தூரத்தில் இருக்கும் மைக்கையும் ஒப்பிடுங்கள். தூரம் இரண்டு முறை இரட்டிப்பாகிறது; 12 டெசிபல் அங்கேயே போய்விடுகிறது. இயர்பட் தயாரிப்பாளர் அந்த 12 டெசிபலை மென்பொருளால் மீட்கப் பார்க்கிறார். அமைதியான அறையில் அது எடுபடும். தறி ஓடும் கூடத்திலோ சமையற்கூடத்திலோ சரக்குக் கிடங்கிலோ எடுபடாது. வாய்வரை நீளும் மைக் தண்டு இல்லாத எந்த ஹெட்செட்டையும், அதன் விலை எவ்வளவாக இருந்தாலும், இரைச்சலான இடத்துக்கு வாங்காதீர்கள். கழுத்தில் தொங்கும் வயரில் மைக் வைத்த இயர்போன் இன்னும் மோசம். அதில் தூரமும் அதிகம், துணியில் உரசும் சத்தமும் கூடவே போகும்.

தண்டு இருந்தும் பலர் அதைக் கன்னத்துக்கு மேலே தூக்கிவிட்டிருப்பார்கள், அல்லது தாடைக்குக் கீழே இறக்கியிருப்பார்கள். சரியான இடம் வாயின் ஓரம், உதட்டிலிருந்து இரண்டு விரல் அகலம். நேரே உதட்டுக்கு முன்னால் வேண்டாம். அங்கே மூச்சுக்காற்று அடிக்கும்.

மூன்றாவது, திசை. இரைச்சல் தவிர்க்கும் மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் ஒரு துளை, பின்பக்கம் ஒரு துளை என்று இரண்டு உண்டு. தூரத்திலிருந்து வரும் சத்தம் இரண்டு துளைகளிலும் ஏறக்குறைய சம பலத்தோடு நுழைந்து தன்னைத்தானே அடித்துக்கொண்டு விடும். பக்கத்திலிருக்கும் வாயிலிருந்து வரும் குரல் முன்துளையில் பலமாகவும் பின்துளையில் பலவீனமாகவும் நுழைவதால் மிஞ்சி நிற்கும். இந்த மைக்கின் சூட்சுமம் அவ்வளவுதான். பின்துளையை டேப் ஒட்டி மூடினாலோ, விரலால் பொத்தினாலோ, எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தாலோ அது எல்லாப் பக்கமும் கேட்கும் சாதாரண மைக்காகிவிடும். சத்தம் அதிகம் என்று மைக்கைக் கைக்குள் பொத்திக்கொண்டு பேசுபவர்களுக்கு நிலைமை மேலும் கெடுவது இதனால்தான். தண்டு முறுக்கிக்கொண்டு முன்பக்கம் வெளியே பார்த்திருந்தாலும் இதே கதி. நுனியில் ஒரு புள்ளியோ சிறு மேடோ இருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் அந்தப் பக்கம் வாயைப் பார்க்க வேண்டும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் எதிர்முனைக்குச் சத்தம் போகிறது என்றால், அப்போதுதான் வேறு ஹெட்செட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சு எதிர்முனைக்குப் போகிறது, மின்விசிறிச் சத்தம் போகவில்லை

மென்பொருள் இரைச்சல் நீக்கி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அது குரல் அல்லாததை வடிகட்டப் பழக்கப்பட்டது. பக்கத்தில் பேசுபவரின் குரலும் அதன் கணக்கில் குரல்தான். உங்கள் குரலை மட்டும் அடையாளம் கண்டு பிரிக்கும் வசதி சில செயலிகளில் இருக்கிறது. டீம்ஸில் உங்கள் குரலை முன்கூட்டியே பதிந்து வைத்து அதை இயக்கலாம். ஆனாலும் மனிதப் பேச்சு நிறைந்த கூடத்துக்கு, வாயருகே நிற்கும் திசை மைக்குக்கு ஈடான தீர்வு இல்லை. மைக்கின் உள்வாங்கும் அளவை, அதாவது கெயினை, பாதிக்குக் குறைத்துவிட்டு மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். உங்கள் குரல் அதே அளவில் போகும்; பக்கத்துக் குரல் அமுங்கும். ஜூமில் மைக் அளவைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பை அணைத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அணைக்காவிட்டால் நீங்கள் பேச்சை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் செயலி கெயினைத் தூக்கி, பக்கத்துப் பேச்சை இழுத்துக்கொண்டு வரும்.

குரல் வெட்டி வெட்டிப் போகிறது, ரோபோ பேசுவது போல் இருக்கிறது

இதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து பேசும்போதும், குறிப்பாக இயந்திரம் ஓடும்போது, சொற்களின் முதல் எழுத்து விழுங்கப்படுகிறதா? அது இரைச்சல் நீக்கி செய்யும் வேலை. நடக்கும்போது, தலையைத் திருப்பும்போது, போனைப் பையில் போடும்போது வெட்டுகிறதா? அது வானலைக் கோளாறு.

முதல் வகையில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட நீக்கிகள் வரிசையில் நிற்கின்றன. ஹெட்செட்டுக்குள் ஒன்று, விண்டோஸின் ஒலி மேம்பாட்டில் ஒன்று, டீம்ஸிலோ ஜூமிலோ ஒன்று, அதற்கும் மேலே கிரிஸ்ப் போன்ற தனிச் செயலி ஒன்று. முதலாவது சுரண்டியது போக மிஞ்சிய குரலை இரண்டாவது இரைச்சல் என்று நினைத்து மேலும் சுரண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அணையுங்கள். எதை வைப்பது என்றால், நல்ல தண்டு மைக் இருந்தால் ஹெட்செட்டில் உள்ளதை வைக்கலாம். செயலியில் குறைந்த நிலையே போதும். எல்லாவற்றையும் உச்சத்தில் வைப்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். அதனால்தான் இந்தக் கோளாறு இத்தனை பரவலாக இருக்கிறது.

இரண்டாவது வகையில், புளூடூத் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடல் நன்றாகவே தடுக்கும். ஹெட்செட்டின் ஆண்டெனா வலக்காதுப் பக்கம் இருந்து, போன் இடப்பக்க பின்பையில் இருந்தால், அலை உங்கள் உடலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். போனைப் பக்கம் மாற்றி வைத்துப் பாருங்கள். பல நேரம் அதோடு தீர்ந்துவிடும். கணினியில் செருகும் டாங்கிள் (ஹெட்செட்டோடு வானலையில் இணையும் சிறு கருவி) யூ.எஸ்.பி. 3 போர்ட்டில், வெளி ஹார்டு டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தப் போர்ட்டிலிருந்து கசியும் வானலை இரைச்சலே டாங்கிளைச் செவிடாக்கும். ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் கொண்டுவாருங்கள். வைஃபையும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் நெரிசலாக ஓடினால் அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மேசையைவிட்டு எழுந்து தூரம் நடந்தபடி நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை என்றால், 1.9 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் டெக்ட் என்ற கம்பியில்லா ஹெட்செட் வகை பொருத்தமானது. அதன் எட்டும் தூரம் சாதாரண புளூடூத்தைவிட அதிகம், வைஃபையோடு மோதாது. ஆனால் அதற்கு மேசையில் ஒரு அடித்தளக் கருவி தேவை. கைபேசியோடு நேரே சேராது.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமை, அழைப்பு வந்ததும் தரம் சரிகிறது

கோளாறு இல்லை, அமைப்பே அப்படி. பாட்டு ஒருவழிப் பாதையில் வருகிறது. மைக்கும் சேர்ந்து இயங்க வேண்டும் என்றதும் கருவி ஹேண்ட்ஸ்-ஃப்ரீ முறைக்கு மாறுகிறது. பழைய கருவிகளில் அங்கே குரல் விநாடிக்கு 8,000 மாதிரிகளாகத்தான் எடுக்கப்படும். 2011-ல் வந்த 1.6 பதிப்பு முறையில் 16,000 வரை. முன்னதில் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் போகாது. "ஸ", "ஃப" போன்ற ஒலிகளின் சாரம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. அமைதியில் மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும், இரைச்சலில் முடியாது. வாங்கும்போது "வைட்பேண்ட்" குரல், அதாவது அந்த 16,000 வகை, உண்டா என்று பாருங்கள். கணினியோடு மட்டும் வேலை என்றால் யூ.எஸ்.பி. வயர் ஹெட்செட்டே மேல்: சார்ஜ் கவலை இல்லை, தரமும் சரியாது.

"ப", "ஃப" சொல்லும்போது டப் டப் என்று வெடிக்கிறது

மைக் வாய்க்கு நேரே இருக்கிறது. ஓரத்துக்கு நகர்த்துங்கள். நுனியில் நுரை உறை இல்லையென்றால் போடுங்கள். மேசை விசிறியோ ஏசியோ நேராக மைக்கில் அடித்தாலும் இதே போல உறுமும். காற்றின் திசையை மாற்றினால் போதும்.

எதிர்முனை பேசுவது எனக்குக் கேட்கவில்லை

ஒற்றைக் காது ஹெட்செட் போட்டிருக்கிறீர்களா? திறந்திருக்கும் காதை உள்ளங்கையால் அழுத்தி மூடுங்கள். சட்டென்று தெளிவாகக் கேட்டால் உங்களுக்குத் தேவை இரட்டைக் காது மாடல். வால்யூமை ஏற்றுவது தீர்வாகாது. ஆனால் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் இடம், அபாய மணி அடிக்கும் இடம் என்றால் இரண்டு காதையும் மூடுவது ஆபத்து. அங்கே பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.

இரட்டைக் காது இருந்தும் கேட்கவில்லை என்றால், காதுக் கப்பின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணாடிச் சட்டம் நுழையும் இடத்தில் இடைவெளி இருக்கும். காதணி, தடித்த பின்னல், தொப்பி விளிம்பு எதுவானாலும் அதே கதைதான். சிறு இடைவெளி போதும், தாழ்ந்த சுருதிச் சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும். மெல்லிய சட்டமுள்ள கண்ணாடியும், ஆழமான மென்மையான மெத்தையும் உதவும். காதின் மேல் உட்காரும் நுரைமெத்தை வகை இரைச்சலான இடத்துக்கு ஏற்றதே அல்ல; காதை முழுதாக மூடும் செயற்கைத் தோல் மெத்தை வேண்டும்.

ஏ.என்.சி. எனப்படும் மின்னணு இரைச்சல் நீக்கம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏசி, ஜெனரேட்டர், மோட்டார் என்று ஒரே சீராக உறுமும் தாழ்ந்த சத்தத்தை அது நன்றாகக் குறைக்கும். சுமார் 1 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதன் பலம் சரிந்துவிடுகிறது. பேச்சு, பாத்திரம் உருளும் சத்தம், சுத்தியல் அடி இவற்றைத் தடுப்பது கப்பின் கனமும் மெத்தையின் பொருத்தமும்தான். பட்டறைக்கு வாங்குபவர் ஏ.என்.சி.க்குக் கொடுக்கும் பணத்தை நல்ல மூடிய கப்புக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வால்யூமை ஏற்றிச் சமாளிப்பது ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. பேச்சு சிரமமில்லாமல் புரிய, காதில் உள்ள இரைச்சலைவிடச் சுமார் 10 டெசிபலாவது மேலே இருக்க வேண்டும். கூடத்தில் 80 டெசிபல் என்றால், திறந்த வகை ஹெட்செட்டில் பேச்சை 90-க்கு ஏற்ற வேண்டும். 20 டெசிபல் தடுக்கும் கப்பில் காதுக்கு வருவது 60. பேச்சு 70 இருந்தால் போதும். அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு அமைப்பான நியோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. நாள் முழுக்க அழைப்பில் இருப்பவருக்கு அந்த 90 எவ்வளவு சீக்கிரம் வரம்பைத் தாண்டும் என்று பாருங்கள். இழந்த செவித்திறன் திரும்பி வராது.

பேசி முடிக்கையில் தொண்டை வலிக்கிறது, "ஏன் கத்துறீங்க" என்கிறார்கள்

இரைச்சலில் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவார்கள். 1911-லேயே எட்டியென் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த இயல்பு இது. காதை இறுக மூடிய ஹெட்செட்டில் தன் குரல் தனக்கு மங்கலாகக் கேட்பதால் மேலும் கத்துவார்கள். மருந்து சைடுடோன்: உங்கள் மைக்கின் ஒலியில் கொஞ்சத்தை உங்கள் காதுக்கே திருப்பிவிடும் வசதி. தயாரிப்பாளரின் செயலியில் இருக்கும். நடுநிலையில் தொடங்கி, இயல்பான குரலில் பேச வரும்வரை ஏற்றுங்கள். அதிகமானால் சுற்றுச் சத்தமும் அதே வழியில் உள்ளே வரும். வாங்கும் முன் இந்த வசதி உண்டா, அளவை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்; விளம்பரத்தில் இது பெரும்பாலும் வராது.

வயர் ஹெட்செட்: கேட்கிறது, மைக் எடுக்கவில்லை

3.5 மி.மீ. ஜாக்கின் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் நான்கு தொடுமுனைகள், மைக் உண்டு. இரண்டே வளையம் என்றால் மைக்குக்கு இணைப்பே இல்லை. மூன்று வளையம் இருந்தும் மேசைக் கணினியில் எடுக்கவில்லை என்றால், அந்தக் கணினியில் பச்சை, இளஞ்சிவப்பு என்று தனித்தனித் துளைகள் இருக்கும். ஒய் வடிவப் பிரிப்பான் தேவை. எதிர்முனைக் குரல் குகைக்குள்ளிருந்து வருவது போல் மங்கி, ஹெட்செட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டும் தெளிவாகிறதா? தரை இணைப்பும் மைக் இணைப்பும் இடம் மாறியிருக்கின்றன. சி.டி.ஐ.ஏ., ஓ.எம்.டி.பி. என்று இரு வரிசைகள் உண்டு. இன்றைய போன்கள் பெரும்பாலும் முதல் வகை. இதற்கான சிறு மாற்றி கிடைக்கும். டைப்-சி மாற்றி வாங்கினால், டிஜிட்டல் ஒலியை மின்னொலியாக மாற்றும் டாக் சிப் உள்ளே உள்ளதாக வாங்குங்கள். சிப் இல்லாத வகை எல்லாப் போனிலும் வேலை செய்யாது.

மேசைத் தொலைபேசியில் சதுரமான சிறு ஆர்.ஜே.9 பிளக் எல்லாவற்றிலும் பொருந்தும். உள்ளே வயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பொருந்துகிறதே என்று ஏமாற வேண்டாம். உங்கள் தொலைபேசி மாடலுக்கான இணைப்பு வயரையே கேட்டு வாங்குங்கள். சில வயர்களில் எண்ணிட்ட நகர்த்து பொத்தான் இருக்கும். டயல் டோன் தெளிவாகக் கேட்டு, உங்கள் குரலும் எதிர்முனைக்குப் போகும்வரை ஒவ்வொரு நிலையாக நகர்த்துங்கள்.

எதிர்முனைக்குத் தன் குரலே திரும்பக் கேட்கிறது

எதிரொலியைக் கேட்பவரின் கருவி பெரும்பாலும் நிரபராதி. உங்கள் காதுக் கப்பிலிருந்து கசியும் ஒலியை உங்கள் மைக் பிடிக்கிறது. வால்யூமைக் குறையுங்கள், மெத்தையைச் சரிசெய்யுங்கள். பக்கத்து மேசையில் அதே கூட்டம் ஸ்பீக்கரில் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

எந்த ஹெட்செட்டும் சரிப்படவில்லை

கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கிறதா? அங்கே இரைச்சல் ஏறக்குறைய 85 டெசிபலைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஐபோன் இருந்தால் நியோஷின் இலவச ஒலியளவுச் செயலியால் அளந்து பார்க்கலாம். அந்த அளவுக்கு மேல் அலுவலக ஹெட்செட் பயன்படாது; ஏ.என்.சி. ஹெட்போனும் சான்று பெற்ற செவிக் காப்பு அல்ல. வேண்டியது, தொடர்புக் கருவி பொருத்திய காதுக் கவசம். ஐரோப்பியத் தரத்தில் இ.என். 352-6 என்று இருக்கும். 352-8 என்பது பாட்டு கேட்கும் வகைக்கானது. ஹெல்மெட் போடும் வேலை என்றால், தலைப்பட்டை வகையை ஹெல்மெட்டின் மேல் மாட்டாமல், ஹெல்மெட்டிலேயே பொருந்தும் வகையை எடுங்கள். இன்னும் பயங்கரமான சத்தத்தில் தொண்டையில் ஒட்டி அதிர்வை எடுக்கும் மைக் உதவும். அதில் "ஸ", "ஃப" மங்கும் என்பதால் எண்களையும் பெயர்களையும் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும். எரிவாயு, பெயிண்ட் ஆவி, மாவுத் தூசி நிறைந்த இடங்களில் வெடிப்பு அபாய இடங்களுக்கான சான்று இல்லாத எந்த மின்கருவியும் கூடாது. ஏடெக்ஸ் அல்லது ஐ.இ.சி.இ.எக்ஸ். குறியைப் பாருங்கள்.

வாங்கியபோது நன்றாக இருந்தது, இப்போது இல்லை

மெத்தை வியர்வையில் கெட்டியாகி, விரிசல் விட்டு, காதோடு ஒட்டாமல் நிற்கிறது. தினமும் போடுபவருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டி வரும். அதனால் வாங்கும்போதே மாற்று மெத்தை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிடைக்காத மாடலைத் தவிர்ப்பது நல்லது. ஒரே ஹெட்செட்டை இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் பகிர்ந்தால் மெத்தையும் நுரை உறையும் ஆளுக்கு ஒன்று வேண்டும். மைக் துளைகளில் தூசியும் எச்சிலும் சேர்ந்து காய்ந்திருந்தால் நுரை உறையைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி முழுக்க உலர விடுங்கள். துளையை உலர்ந்த மென்மையான பல் துலக்கியால், துளை கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், அழுத்தக் காற்றும் அடிக்காதீர்கள். உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.